எரிவாயு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தும் முறை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சமையல் எரிவாயு இன்று குடிசை வீடுகளுக்கும் வந்துவிட்டது. சாயப் பட்டறையிலும் சமையற்கூடத்திலும் சிலிண்டரை உபயோகிக்கும் சங்கங்களும் உண்டு. வாயுக் கசிவை உணர்ந்து மணியடிக்கும் கருவியைச் சில சங்கங்கள் வாங்கியிருக்கின்றன. மெச்சத்தக்க காரியமே. ஆயினும் கருவியை வாங்குவது வேறு; அது வேலை செய்யுமாறு பொருத்துவது வேறு.

இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தேன். சாயப் பட்டறையின் கூரையோரத்தில் கருவி மாட்டப்பட்டிருந்தது. "இனிப் பயமில்லை, ஐயா" என்றார் காரியதரிசி. விளக்கை அணைக்கச் சொன்னேன். விளக்கோடு கருவியும் அணைந்தது. இரவெல்லாம் அது உறங்கியிருக்கிறது. அதை நம்பி அடுத்த அறையில் காவற்காரர் படுத்திருக்கிறார்.

அங்கே கண்ட பிழைகள் இரண்டு. முதலாவது, உயரம். சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஆகையால் கருவி தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில், நீர் தெறிக்காத இடத்தில் இருத்தல் வேண்டும். அடுப்பை ஒட்டியும், ஜன்னற் காற்று நேரே வீசும் இடத்திலும் வைத்தல் கூடாது. சாண எரிவாயு உபயோகிக்கும் விவசாயிகளுக்கு விதி நேர்மாறானது. அதிலுள்ள மீத்தேன் காற்றைவிட இலேசானது. எனவே கருவி கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்ட கருவி என்பதைப் பார்த்தே வாங்குதல் அவசியம்.

தரையோடு பரவும் ஆவியின் கொடுமையை ஜெய்ப்பூர் நகரம் 2009 அக்டோபர் 29-ஆம் தேதி கண்டது. இந்தியன் ஆயில் கிடங்கில் கசிந்த பெட்ரோலின் ஆவி ஒரு மணி நேரத்துக்கு மேல் பரவி, பின் வெடித்தது. 11 பேர் மாண்டனர். விசாரணை செய்த எம்.பி. லால் குழு, கசிவை உணரும் கருவிகள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

இரண்டாவது பிழை, மின் இணைப்பு. கருவிக்குத் தனி லைனும் தனிப் பியூஸும் வேண்டும். மின்வெட்டில் இயங்கப் பாட்டரி வேண்டும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் மணியடிக்குமாறு ரிலேயை இணைக்கச் சொல்லுங்கள். அப்பொழுது வாயுக் கசிவு மட்டுமன்றிக் கருவியின் கோளாறும் நமக்குத் தெரியவரும். வாயு கசிந்ததும் சாதாரண மின்விசிறி தானே ஓடும்படி இணைப்பது பேராபத்து. ஸ்விச்சிலோ மோட்டாரிலோ தோன்றும் ஒரு பொறி போதும். அதற்குப் பதிலாக, வாயுக் குழாயைத் தானே மூடும் வால்வை இணைக்கலாம். கம்பி நுழையும் சுவர்த் துளைகளை அடைத்துவிடுங்கள். இல்லையேல் வாயு அடுத்த அறைக்குச் செல்லும். பல சிலிண்டர்களை வைக்கும் அறையில், அத்தகைய இடத்துக்கென அங்கீகாரம் பெற்ற சாதனங்களையே பொருத்தவேண்டும். இவ்வேலைகள் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியவை.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். பொத்தான் பெரும்பாலும் மணியையே சோதிக்கும். உணரும் பகுதியை, தயாரித்தவர் கூறும் காலத்தில், அளவிட்ட சோதனை வாயுவைக் கொண்டு பார்க்கவேண்டும். சிகரெட் லைட்டரின் வாயுவைச் செலுத்திச் சோதித்தால் அப்பகுதி கெட்டுவிடக்கூடும். பெயிண்டு, பூச்சிமருந்து ஆகியவற்றின் ஆவியும் அதற்குப் பகையே. குறித்த ஆயுள் முடிந்ததும் கருவியை மாற்றிவிடவேண்டும்.

மணி அடித்தால் எந்த ஸ்விச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே வந்த பின்னரே 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

நான் சென்ற சங்கத்தில் அடுத்த வாரமே கருவியைக் கீழே இறக்கித் தனி லைன் கொடுத்தார்கள். செலவு சொற்பம். அங்கத்தினர்களே, உங்கள் சங்கத்திலும் இன்று மாலை ஒருமுறை விளக்கை அணைத்துப் பாருங்கள். கருவி விழித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.