வாயிற் குஞ்சு காக்கும் கடல்மீன்: வீட்டுத் தொட்டியும் உற்பத்தி உறவும்

முட்டைகளை வாயினுள் வைத்துக் காக்கும் மீன்கள் எமது பிரதேசத்துக்குப் புதியனவல்ல. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை மாவடிப்பள்ளி போன்ற ஆற்றோர ஊர்களில் அறியாதார் இலர். அதில் தாய்மீனும், கடற்கெளுத்தியில் தந்தைமீனும் இப்பணியைச் செய்கின்றன. இவ்வியல்புடைய கடல்மீன்களுள் வீட்டுத் தொட்டியில் வெற்றிகரமாக இனப்பெருக்கப்படுவது பங்காய் கார்டினல் ஆகும். அதன் வரலாறு உயிரியலோடு மட்டும் முடிந்துவிடுவதன்று.

இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கேயுள்ள பங்காய்த் தீவுகளே இதன் தாயகம். 1933இல் கௌமன்ஸ் என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்ட இம்மீன், 1990களின் நடுப்பகுதியிலேயே உலகச் சந்தையை அடைந்தது. பெண்மீன் இடும் சில பத்து முட்டைகளை ஆண்மீன் வாயில் ஏந்திக்கொள்கிறது. ஏறத்தாழ 20 நாட்களில் அவை பொரிக்கின்றன. குஞ்சுகள் மேலும் ஒரு வாரமளவு வாயினுள்ளேயே தங்குகின்றன. இக்காலம் முழுவதும் ஆண்மீன் உணவு கொள்வதில்லை. இதனைத் தந்தையன்பு எனப் புனைவது இலக்கிய வழக்கு. குறைந்த முட்டைகளைக் கூடிய பாதுகாப்புடன் பேணும் பரிணாமத் தகவமைப்பு என்பதே அறிவியல் விளக்கம்.

வளர்ப்போர் ஐந்தாறு இளமீன்களை ஒரே தொட்டியில் விடுகின்றனர். அவற்றுள் ஒரு சோடி தானாகவே பிரிந்து, ஏனையவற்றைத் துரத்தத் தொடங்கும். அப்போது ஏனையவற்றை அகற்றிவிடல் வேண்டும். தொந்தரவுற்ற ஆண்மீன் முட்டைகளை விழுங்கிவிடலாம். ஆதலின் அமைதி இன்றியமையாதது. வெளிவரும் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றி, அன்றே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை இடவேண்டும். கொழுப்பமிலச் சத்தேற்றப்படாத ஆர்ட்டீமியாவை மட்டும் உண்டு வளர்ந்த குஞ்சுகள் சிறு அதிர்ச்சியிலும் திடீரென மடிவதுண்டு. கடலில் இவை கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே ஒளிவதால், தொட்டியிலும் அதையொத்த செயற்கை மறைவிடம் வைப்பர்.

பெரும்பாலான கடல்மீன்களின் நுண்ணிய இளவுயிரிகள் பல வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிவன; தொட்டியில் அவற்றுக்கேற்ற நுண்ணுணவு அளிப்பது கடினம். பங்காய் கார்டினலுக்கு அப்பருவமே இல்லை. வாயைவிட்டு வரும்போதே குஞ்சு தாய்தந்தையின் உருவம் பெற்றுள்ளது. இதனாலேயே வீட்டில் வளர்த்தல் இயல்கிறது. ஆனால் அதே காரணத்தால், ஒரு பாறைத்திட்டில் மீன் அழிந்தால் நீரோட்டம் வேறிடத்திலிருந்து புதுக் குஞ்சுகளைக் கொண்டுவராது. ஓர் இயல்பே ஈரிடத்தில் எதிரெதிர் விளைவு தரும் இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

இம்முரண்பாட்டின் தீர்வு இயற்கையின் கையில் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் பல இலட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. பிடித்தவருக்கு மீனொன்றுக்குக் கிடைத்தவை சில அமெரிக்கச் சதங்களே. தொலைநாட்டுக் கடையில் அதன் விலை பல டொலர். 2007இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்க்கும் முறை அறியப்பட்டிருந்தும் கடல் சூறையாடப்பட்டமைக்குக் காரணம், வளர்ப்புச் செலவினும் மீனவரின் உழைப்பு மலிவாயிருந்தமையே. பின்னர் தாய்லாந்தில் இது பேரளவில் வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாயிற்று. கடலின் சுமை அதனாற் குறையலாம். எனினும் ஆதாயம் பங்காய் மீனவரைச் சேர்வதில்லை.

எமது நாட்டின் கடல் அலங்கார மீன் ஏற்றுமதியும் பெரும்பாலும் சுழியோடிகள் பிடிக்கும் மீன்களையே நம்பியுள்ளது. எனவே வளர்ப்புநுட்பம் இங்கு வேரூன்றும்போது எழவேண்டிய வினா, மீன் பெருகுமா என்பதோடு நில்லாது. தொட்டியும் நுட்பமும் யாருக்கு உரியவை என்பதும் சேர்ந்தே எழல்வேண்டும். கரையோர உழைப்பாளரின் கூட்டுடைமையாக அவை அமையுமிடத்தே கடலும் அவர்தம் வாழ்வும் ஒருங்கே காக்கப்படும்.