கரையோரக் கட்டடங்கள் – 11: மீனவர் வீட்டுக்கு யார் வரைபடம் போடுவது?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டும்போதே ஜன்னலில் உப்புக்காற்று அடிக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சாலை முடிகிற இடத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைகளையும், 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டையின் இடிபாட்டையும் சென்ற வாரம் பார்த்தோம். டச்சுக்காரர்களுக்குச் சுமார் நூறு வருடம் முன்பே வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். 1515-இல் அவர்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயத்தில்தான் இன்றைக்கும் அவர்கள் பெயர் அடிபடுகிறது. கோட்டையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் எழுத ஆள் இருக்கிறது. அதே ஏரிக்கரையில் குப்பம் குப்பமாக நிற்கிற மீனவர் வீடுகளை யார் வரைந்தார்கள், யாரைக் கேட்டு வரைந்தார்கள் என்று எழுதத்தான் ஆள் குறைவு.

இந்த வாரம் அதைப் பேசலாம். அதற்குத் துணையாக நான் கூட்டிவருவதும் ஒரு போர்ச்சுக்கீசியரைத்தான். நம் காலத்தவர், பெயர் அல்வாரோ சீஸா.

சீஸா 1933-இல் மத்தோசின்யூஷில் பிறந்தார். போர்ட்டோ நகரை ஒட்டிய மீன்பிடித் துறைமுகம் அது. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். சிற்பியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், வீட்டாருக்காகக் கட்டடக்கலை படிக்கப் போனார். போர்ட்டோவில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஃபெர்னாண்டோ தாவோரா. 1950-களின் பிற்பாதியில் போர்ச்சுக்கல் கட்டடக்கலைஞர்கள் நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, சாதாரண மக்களின் வீடுகளை அளந்து வரைந்தார்கள். அந்த வேலையில் தாவோராவும் இருந்தார். 1961-இல் அது புத்தகமாக வந்தது. அன்றைக்கு ஆண்ட சலாசார் சர்வாதிகாரத்துக்கு ‘தேசிய பாணி’ என்று ஒன்று தேவைப்பட்டது. அளந்து பார்த்தவர்களோ, அப்படி ஒரு பாணியே கிடையாது, மண்ணும் காற்றும் பிழைப்பும் மாறினால் வீடும் மாறுகிறது என்று காட்டிவிட்டார்கள். அரசின் செலவிலேயே அரசை மறுத்த இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

சீஸா பெயரெடுத்தது சொந்த ஊர்ப் பாறைகளின் மேல். ஊரை அடுத்த லெசாவில், அலை வந்து மோதும் பாறைகளுக்கு நடுவே 1963-இல் ஒரு தேநீர் விடுதி கட்டினார். அந்த இடத்தைக் காட்டிவிட்டு வேலையை இளைஞர்களிடம் விட்டவர் தாவோரா. மூன்று வருடம் கழித்து அதே கரையில் கடல்நீர்க் குளங்கள். சாலையில் போகிறவர் கண்ணுக்குக் கட்டடமே தெரியாது. சரிவில் இறங்கி, கான்கிரீட் சுவர்களுக்கு இடையே நடந்து, குளத்துக்குப் போக வேண்டும். குளத்துக்குப் பாதிக் கரை பாறையே. சுவர் எங்கெங்கே தேவையோ அங்கே மட்டும் வைத்தார்.

1992-இல் அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவரிடம் வேலை பழகிய எடுவார்டோ சோட்டோ டி மௌராவுக்கு 2011-இல் அதே பரிசு. கல்குவாரியைக் குடைந்து பிராகா நகரில் கால்பந்து ஸ்டேடியம் கட்டியவர் இவர். பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குப்பத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது ஸ்டேடியம் நமக்கு எதற்கு? விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது 1974. அந்த ஏப்ரல் 25-ஆம் தேதி போர்ச்சுக்கலில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. புதிய அரசில் வீட்டுவசதியைப் பார்த்துக்கொண்டவர் நூனோ போர்ட்டாஸ், அவரும் கட்டடக்கலைஞர். ‘சால்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு திட்டத்தை அவர் தொடங்கினார். குடிசைப் பகுதி மக்கள் முதலில் சங்கம் வைக்க வேண்டும். அரசு நிலமும் பணத்தில் ஒரு பங்கும் தரும். கட்டடக்கலைஞர்களும் மாணவர்களும் குழுவாக அந்தப் பகுதிக்கே போய், மக்களோடு கூட்டம் போட்டு வரைபடம் தயாரிப்பார்கள். கூட்டங்கள் சண்டையாகவும் முடிந்தன. திட்டம் இரண்டே வருடம்தான் ஓடியது. 1976 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நாடு முழுக்கச் சுமார் 170 இடங்களில் வேலை ஆரம்பமாகியிருந்தது.

அதில் ஒன்று அசல் மீனவக் குப்பம். தெற்கே அல்கார்வ் கரையில், லாகோஸ் ஊருக்குப் பக்கத்தில் மேயா ப்ரையா. மோன்ட்டே கோர்டோவிலிருந்து மீன் தேடி வந்து மணலில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. ஜோஸே வெலோசோ என்ற கட்டடக்கலைஞர் அவர்களோடு சேர்ந்தார். வரைபடம் அவருடையது, சுவர் எழுப்பியது குப்பத்து ஆண்களும் பெண்களும். முடித்ததும் தங்கள் குடியிருப்புக்குப் புரட்சி நாளையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அன்டோனியோ டா குன்யா டெலஸ் அவர்களைப் பற்றி 1976-இல் ஒரு படம் எடுத்தார்.

சீஸாவும் அந்த நாட்களில் போர்ட்டோவில் ‘சால்’ வீடுகள் வரைந்தார். போசா என்ற அவருடைய குடியிருப்பு பாதியில் நின்று, முப்பது வருடம் கழித்து 2006-இல்தான் முடிந்தது. அவர் கற்றுக்கொண்டது முழுதாக விளைந்த இடம் எவோரா நகரத்து மலகேய்ரா. 1977-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 1,200 வீடுகள். ஒவ்வொரு மனையும் 8-க்கு 12 மீட்டர். நம் கணக்கில் இரண்டேகால் சென்ட்டைச் சற்றுத் தாண்டும். முற்றம் வாசல் பக்கம் உள்ள வீடும் உண்டு, கொல்லைப் பக்கம் உள்ளதும் உண்டு. ஒரு படுக்கையறையோடு ஆரம்பித்து, குடும்பம் பெருகப் பெருக ஐந்து வரை கட்டிக்கொள்ள வரைபடத்திலேயே வழி இருந்தது. குழந்தை பிறந்தால் சுவரை இடிக்க வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் தெருவுக்கு மேலே தூக்கிக் கட்டிய கான்கிரீட் வாய்க்காலில் வந்தன. எல்லாம் நிறைவேறவில்லை, திட்டமிட்ட பொதுக் கட்டடங்கள் பல வரவே இல்லை. வீடுகள் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

பிறகு 1980-களில் ஹாலந்தின் ஹேக் நகரில், துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழும் பகுதிக்குச் சீஸாவைக் கூப்பிட்டார்கள். வீட்டு மாதிரியை முழு அளவில் செய்துவைத்து, குடியிருப்பவர்களை உள்ளே நடக்கவிட்டுக் கருத்துக் கேட்டார்கள். விருந்தாளி வரும்போது பெண்கள் இருக்கும் பகுதியைத் தனியே பிரித்துக்கொள்ள ஓர் இழுவைக் கதவு போதும் என்று முடிவானது. பழவேற்காட்டில் ஜமீலாபாத் பக்கத்து முஸ்லிம் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதவு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

போர்ச்சுக்கலில் கூட்டம் நடந்துகொண்டிருந்த அதே 1974-75-இல், திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் இன்னொரு ஐரோப்பியர் மீனவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் லாரி பேக்கர்: பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, பம்பாயில் காந்தியைச் சந்தித்து, 1945-இல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கி, 2007-இல் மறைந்தவர். சென்னை வாசகர்கள் அவர் கையைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். முட்டுக்காட்டு தட்சிணசித்ராவின் ஆரம்ப வரைபடம் அவருடையது.

பூந்துறையில் அவர் வீடுகளை ஒரே வரிசையாக நிறுத்தவில்லை. ஒன்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. அதனால் ஒவ்வொரு வீட்டு முன்னும் ஒரு முற்றம் கிடைத்தது, கடலும் தெரிந்தது. பூச்சில்லாத செங்கல் சுவரில் நெடுக இடைவெளி விட்டார். தாழ்ந்த சரிவுக் கூரையில் ஏறி வரும் புயல்காற்று அந்த ஓட்டைகள் வழியே பிரிந்து போய்விடும். பின்னாளில் ஜனம் பெருகி, இடைவெளிகளில் புது வீடுகள் முளைத்து, அந்த ஒழுங்கு கலைந்துவிட்டது. சீஸா வளர இடம் விட்டார், பேக்கர் காற்றுக்கு இடம் விட்டார். குப்பத்துக்கு இரண்டும் வேண்டும்.

நம் கரைக்கு அந்தப் பரீட்சை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்தது. சுனாமி வீடுகளுக்குத் தமிழக அரசு வகுத்த அளவு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று வைத்தது நல்ல முடிவு, பாராட்ட வேண்டியது. ஆனால் பல ஊர்களில் தொண்டு நிறுவனம் காசு கொடுக்க, ஒப்பந்தக்காரர் மரங்களை வெட்டி மணலைச் சமன் செய்து, தளம் போட்ட பெட்டி வீடுகளை ராணுவ வரிசையில் நிறுத்திவிட்டார். திண்ணை போயிற்று, நிழல் போயிற்று. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளத்துச் சிமெண்ட் பெயர்ந்து விழுவது கரை நெடுகக் காணும் காட்சி.

விதிவிலக்கும் உண்டு. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’ வீடு கட்டியபோது, வடிவமைப்பாளர் பென்னி குரியாகோஸ். பேக்கரின் வழியில் வந்தவர், தட்சிணசித்ராவைத் தொடர்ந்து கட்டியவரும் அவரே. குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, வீட்டை முடிவு செய்தார்கள். பணக்கணக்கு மற்ற ஊர்களுக்கு இருந்ததுதான். கூடுதலாகச் செலவானது பேச்சுக்கான நேரம்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அரசாங்க வீடு எப்படி என்று கேட்டேன். “வூடு கெட்டியாத்தான் கீது தம்பி. வலைய எங்க போடறது, எறாலை எங்க கழுவறது, அத்த யாரும் கேக்கல” என்றார். கட்டடக்கலைக் கல்லூரியில் ஒரு பருவம் படித்தாலும் கிடைக்காத வேலைக்குறிப்பு அது.

இந்த ஏரிக்கு ‘சால்’ முறை பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, இங்குள்ள பாடு முறையைக் காட்டுவேன். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று குப்பத்துக்காரர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. முகத்துவாரம் அடைபட்டு மீன்வரத்துக் குறையும் வருடத்திலும் அந்த முறை நிற்கிறது. போர்ச்சுக்கலில் அரசு சொல்லிச் சங்கம் வைத்தார்கள். இங்கே சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரைப் பங்கு போடத் தெரிந்த ஊருக்கு, எந்த வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பேசத் தெரியாதா? பாடு முறையில் பங்கில்லாதவர்களையும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வைப்பதுதான் கடினமான பகுதி. அதற்கு வெளியாள் ஒருவர் தேவைப்படலாம்.

இப்போதைக்கு ஒரு சிறிய வாசல் திறந்திருக்கிறது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, தொகை மூன்றரை லட்சம். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத எந்தக் கூரையும் போட்டுக்கொள்ளலாம். அது பயனாளியின் விருப்பம். ஓடு வேய்ந்த திண்ணை ஒன்றுக்கு 60 சதுர அடி போதும். வலையும் அங்கே கிடக்கும், மீனும் அங்கே கழுவலாம். சென்னையில் கட்டடக்கலை படிக்கும் மாணவர்களே, பழவேற்காடு உங்களுக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தான். மேஸ்திரி கயிறு பிடிப்பதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு முதலில் அந்த அம்மாக்களிடம் கேளுங்கள்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரி: ஏ.சி. இல்லாமலே குளிர்ந்திருக்கும் கோல்கொண்ட் விடுதியும், அதை வரைந்த செக் நாட்டுக்காரர் அன்டோனின் ரேமண்டும்.

(தொடரும்)