இரவுக்கு ஓர் இடம்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை என்பதாம். முன்னர் அறியப்படாத புதியவனே விருந்தினன். சுற்றத்தார் அப்பெயர்க்கு உரியரல்லர். இதனை வகுப்பறையில் விளக்குவது எளிது. ஆயினும், பொழுதுசாயும் வேளையில் அறியாத ஊரொன்றிற் பிறர் கதவைத் தட்டி நிற்பவனுக்கே அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். ஐரோப்பாவிலே துவிச்சக்கர வண்டியேறி ஊரூராகச் செல்வோர் இப்பாடத்தை நாடோறும் படிக்கின்றனர்.

அத்தகையோர் பெரிதும் விரும்பும் வழி, ஜேர்மனியின் பஸாவு நகரிலிருந்து ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவரை டானியூப் நதியோரமாகச் செல்வது. ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடைய இதனை ஒரு கிழமையில் ஆறுதலாகக் கடக்கலாம். நீராவிக் கப்பல் தோன்றுமுன், பாரமேற்றிய படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள் கயிறு பூட்டி இழுத்தன. அக்குதிரைகள் நடந்த கரைப்பாதையே பல இடங்களில் இன்றைய வண்டிப்பாதை. ஆற்றோடு இறங்கிச் செல்வதால் மேடேறும் வருத்தமும் மிகுதியாக இல்லை.

வழிநெடுகப் பழம்பெரும் ஊர்கள். பஸாவில் மூன்று நதிகள் கூடுகின்றன. லின்ஸ் நகர், கோள்களின் இயக்கவிதிகளைக் கண்ட கெப்ளர் ஆசிரியராயிருந்த ஊர். டூர்ன்ஸ்டைன் குன்றின்மேல் இடிந்து கிடக்கும் கோட்டையிலே, சிலுவைப்போரினின்று மாறுவேடத்தில் மீண்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட், 1192ஆம் ஆண்டின் இறுதியிற் பிடிபட்டுச் சிறைவைக்கப்பட்டான். வழிப்போக்கனாய் வந்த அரசனுக்குக் கிடைத்த இராத்தங்கல் அது!

இன்றைய வழிப்போக்கனுக்கு இடர் அத்துணைப் பெரிதன்று. சிற்றூர்களிலுள்ள சத்திரங்களும் பண்ணைவீடுகளும் படுக்கையும் காலையுணவும் அளிக்கின்றன. அறை உண்டென வாயிலிற் பலகையும் தொங்கும். எனினும் கோடையில் அறைகள் விரைவில் நிரம்பிவிடும். ஒருவர் ஓரிரவு தங்கினாலும் விரிப்புகளையெல்லாம் வெளுக்கவேண்டுமாதலின், அத்தகையோரை விரும்பாத வீட்டாரும் உளர். மழையில் நனைந்து, சேறுபட்ட வண்டியோடு நிற்பவனுக்கு அம்மறுப்பு மிகக் கொடிது. ஆதலாலே ஜேர்மனியின் துவிச்சக்கர வண்டியோட்டிகள் சங்கம் 1995ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்கு செய்தது. ஓரிரவு தங்குவோரையும் ஏற்று, வண்டிக்குக் காப்பான இடமும் ஈர உடை உலர்த்த வசதியும் தரும் விடுதிகளுக்கே அது தன் அடையாளப் பலகையை வழங்குகிறது.

இளைஞர் விடுதிகளின் கதையோ ஆசிரியராகிய நமக்கு நெருங்கியது. ஜேர்மனியின் அல்தேனா என்னும் ஊரில் றிச்சாட் ஷிர்மான் என்றோர் ஆசிரியர் இருந்தார். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மாணவரோடு நெடுநடை சென்ற அவரை இடியும் மழையும் மடக்கின. கிராமப் பள்ளிக்கூடமொன்றில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர்; ஆசிரியர் உறங்கவில்லை. விடுமுறையில் வெறிதே பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் ஊர்தோறும் இளம்பயணிகளுக்குத் தங்கிடமானால் என்ன என்று அவ்விரவிலே சிந்தித்தார். சில ஆண்டுகளுள் அல்தேனாவின் பழங்கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி எழுந்தது. 1932இல் இவ்வியக்கம் உலகக் கூட்டமைப்பாயிற்று. மறு ஆண்டே ஹிட்லரின் ஆட்சி வந்தது. ஜேர்மனிய விடுதிகள் அதன் இளைஞர் படையின் கைக்குச் சென்றன.

மீண்டும் டானியூப் கரைக்கு வருவோம். மெல்க் நகரின் பாறைமேல் பெனடிக்ற் துறவியரின் பெருமடம் நிற்கிறது. அவர்கள் 1089ஆம் ஆண்டு முதல் அங்கே வாழ்கின்றனர். வரும் விருந்தினர் எவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கவேண்டும் என்பது அவர்தம் ஒழுக்கவிதிகளுள் ஒன்று. அதே ஆற்றோரம், லின்ஸ் நகருக்குக் கீழே, மவுத்தவுசன் உள்ளது. அங்கும் அதனைச் சார்ந்த முகாம்களிலும் 1938 முதல் 1945 வரை ஏறத்தாழ 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர்; குறைந்தது 90,000 பேர் மாண்டனர். பல நாடுகளினின்றும் கொணரப்பட்ட அயலார் அவருட் பலர். அம்முகாமின் கிளையொன்று 1944இல் மெல்க் நகரிலேயே அமைந்தது. மேலே விருந்தோம்பும் விதி ஏட்டில் இருந்தது; கீழே புதியவன் பட்டினியால் இறந்தான்.

துவிச்சக்கர வண்டிப் பயணி இவ்விரண்டையும் ஒரே பாதையிற் காண்கிறான். மோட்டார் வண்டியில் விரைவோன் தவறவிடக்கூடியதை மெல்லச் செல்வோன் தவறவிடுவதில்லை. அன்று மாலை யாரோ ஒருவர் கதவைத் திறந்து, அவன் ஊரும் பேரும் அறியாமலே, உள்ளே வருக என்கிறார். அது சிறிய செயலன்று என்பதை அவன் அப்போது அறிவான். மாணவர்க்குச் சொற்பொருள் உரைக்கும் நாம், விருந்து என்பது புதுமை என்று கூறியபின், இதனையுஞ் சேர்த்துக் கூறுதல் நன்று.