சனி, ஞாயிறு பைக் டூர் போறீங்களா? திருவக்கரை குவாரி ஓரம் டென்ட் அடிக்காதீங்க!

திண்டிவனம்:
சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் பைக்குகள் வரிசை கட்டும். முதுகில் பை, பின்சீட்டில் சுருட்டிய தார்ப்பாய், பக்கத்தில் தொங்கும் சட்டி பானை. வேலைக்குப் போற வாலிபர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒருநாள் ராத்திரி வெளியே தங்கிவிட்டு வரும் பழக்கம் இப்போ ரொம்பவே அதிகம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் லீவும் வேணும், பணமும் வேணும். விழுப்புரம் மாவட்டம் என்றால் இரண்டும் குறைவு.

சென்னையில் இருந்து திருவக்கரைக்கு போக வர சுமார் 300 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் வண்டி என்றால் 7 லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டர் 100 ரூபாய் சுமாருக்கு வைத்தாலும் 700 ரூபாய். இரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு 350. டோல்கேட்டில் பைக்குக்கு கட்டணம் கிடையாது.

திண்டிவனம் வந்து, மயிலம் வழியாக புதுச்சேரி போகும் ரோட்டைப் பிடிக்க வேண்டும். மயிலம் முருகன் கோவிலைத் தாண்டி பெரும்பாக்கத்தில் பிரியும் ரோட்டில் 7 கி.மீ. போனால் திருவக்கரை. கிளியனூர் வழியாகப் போகும் பெரிய ரோடு வேறு. அதில் போய்விட்டு வழி தெரியாமல் சுற்றுபவர்களும் உண்டு.

2 கோடி வருஷத்து மரம்

திருவக்கரையில் பார்க்க என்ன இருக்கு? முதல்ல கல்மரப் பூங்கா. மரம் மாதிரியே இருக்கும், தொட்டால் கல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் இங்கே மணலில் புதைந்துவிட்டன. தண்ணீரில் கரைந்திருந்த சிலிகா கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் ஏறி இறுகி, மரமே கல்லாகி விட்டது. வேர், கிளை எதுவும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதால், இவை இங்கேயே வளர்ந்த மரங்கள் இல்லை, வேறு எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். புளி, புன்னை, ஆமணக்கு வகை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இதில் உண்டு. 1781-ம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னேரா இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

மொத்தம் 247 ஏக்கர். மத்திய அரசின் இந்திய புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டு பாதுகாக்கிறது. மக்கள் சுற்றிப் பார்க்க திறந்திருப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். ஞாபகத்துக்கு என்று ஒரு துண்டை பையில் போடுவது கூடவே கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு என்றால் வேலிக்குள் என்ன மிஞ்சும்? பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே டென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து சந்திரமவுலீஸ்வரர் கோவிலும், அதே வளாகத்தில் வக்கிரகாளியம்மன் சன்னதியும். மூன்று முகம் கொண்ட லிங்கம் இங்கே விசேஷம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். பவுர்ணமி ராத்திரி என்றால் ஜோதி தரிசனத்துக்கு கூட்டம் அலைமோதும். அன்று பைக் டூர் வேண்டவே வேண்டாம். ரோடு முழுக்க பஸ், வேன், நடந்து வரும் ஜனம்தான்.

ஆளை விழுங்கும் குட்டை

சாயங்காலம் ஆனதும்தான் சிக்கலே. எங்கே தங்குவது? தண்ணீர் பக்கத்தில் இருக்கணும், தரை சமமா இருக்கணும், யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது. சுற்றிப் பார்த்தால் இந்த மூன்றும் இருக்கும் இடமாகக் கண்ணில் படுவது கைவிட்ட கல் குவாரிதான். திருவக்கரை சுற்றுவட்டாரத்தில் கல் குவாரி, கிரஷர்களுக்கு பஞ்சமே இல்லை. கல் எடுத்து முடிந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து பச்சைப் பசேல் என்று கிடக்கும். செல்போனில் படம் எடுத்தால் கேரளா மாதிரி இருக்கும். ஆபத்தும் அங்கேதான்.

ஏரி, குளம் என்றால் கரையில் இருந்து சரிவாக இறங்கும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஆழம் தெரியும். குவாரியில் அப்படி இல்லை. வெடி வைத்து சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிய பாறை. காலை வைத்த இடம் பாறை, அடுத்த அடி அதல பாதாளம். மேல் தண்ணீர் வெயிலில் சூடாக இருக்கும், கொஞ்சம் கீழே போனால் ஜில்லென்று இழுத்துப் பிடிக்கும். திடீர் குளிரில் மூச்சு திணறி கை, கால் ஓயும். நீச்சல் தெரிந்தவனும் கரை ஏற முடியாமல் தவிப்பது இதனால்தான். பிடித்து ஏற வேரும் கிடையாது, படியும் கிடையாது. பாசி பிடித்த வழுக்குப் பாறைதான். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்தால் இரண்டு உயிரும் போகும். கயிறு, காலி தண்ணீர் கேன், கட்டிய லுங்கி எதையாவது மேலே இருந்து வீசுவதுதான் ஒரே வழி.

ராத்திரி இன்னும் மோசம். பள்ளத்தைச் சுற்றி வேலி இல்லாத இடங்கள் உண்டு. ஒன்றுக்குப் போக இருட்டில் எழுந்து பத்தடி நடந்தால் விளிம்பு எங்கே என்று தெரியாது. புதுச்சேரி சரக்கு உள்ளே போயிருந்தால் சொல்லவே வேண்டாம்.

வேலை நடக்கும் குவாரி என்றால் வெடி வைப்பார்கள். சிவப்புக் கொடி, விசில் சத்தம் என்றால் வண்டியை நிறுத்தி அங்கேயே நிற்க வேண்டும்.

டிப்பர் முன்னால், ஜல்லி கீழே

குவாரி இருக்கும் ஊர் என்றால் டிப்பர் லாரி இருக்கும். லாரியில் இருந்து சிந்திய ஜல்லியும் எம்.சாண்டும் வளைவுகளில் பரவிக் கிடக்கும். அதன் மேல் முன் பிரேக்கை பிடித்தால் பைக் வழுக்கி விழும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். லாரிக்குப் பின்னால் புழுதிக்குள் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இருப்பது டிரைவருக்கும் தெரியாது.

ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், பின்னால் உட்காருபவருக்கும்தான். மூன்று பேர் போனாலும் 1,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் வரை, 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. மொத்த டூர் செலவை விட இது அதிகம்.

அப்போ எங்கே தங்குறது?

காப்புக்காட்டில் முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு தனி விதிமுறைகளே வந்துவிட்டன. செஞ்சி பக்கத்து காட்டு மலைகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி ஏறி அடுப்பு மூட்ட முடியாது. மரக்காணம் பக்கம் இருக்கும் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. அங்கேயும் டென்ட் கிடையாது.

மிச்சம் இருப்பது தனியார் நிலம்தான். அறுவடை முடிந்த கழனி, மாந்தோப்பு, மோட்டார் கொட்டகை ஓரம். நிலத்துக்காரரைப் பார்த்து, அண்ணே, ஒரு ராத்திரி தங்கிக்கிறோம் என்று பொழுது இருக்கும்போதே நேரில் கேட்க வேண்டும். பாட்டில் இல்லை, பாட்டு சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குடிக்க தண்ணீரும் கிடைக்கும், அவசரத்துக்கு ஆளும் இருக்கும்.

ஆனால் வெறும் தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரி நடமாடும் பாம்பு. கடித்தால் பெரிதாக வலிக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. தூங்கி எழுந்ததும் வயிற்று வலி, இமை இறங்குவது, பேச்சு குழறுவது என்றால் சந்தேகப்பட வேண்டும். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. 108-க்கு போன் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் மூன்றும் எட்டும் தூரம்தான். நாலு பக்கமும் ஜிப் வைத்து மூடும் டென்ட் அல்லது மெத்தை அடியில் செருகிய கொசுவலை இருந்தால் பாதி கவலை விட்டது.

ஞாயிறு காலையில் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்த மராட்டியர் கால 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி ஏற வெயிலுக்கு முன்பே போய்விட வேண்டும். இறங்கி சாப்பிட்டதும் வண்டியை எடுத்துவிடுவது நல்லது. சாயங்காலம் ஆகிவிட்டால் ஊருக்குப் போய் திரும்பும் கார்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, செங்கல்பட்டு பரனூர் பக்கம் ஊர்ந்துதான் போக முடியும்.