நின்றால்தான் கண்ணோட்டம்



திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இரக்கம், பரிவு என்று இன்று நாம் வழங்கும் சொற்களுக்கு வள்ளுவர் தேர்ந்துகொண்ட சொல் இது. பழகியவர்மேல் கண் சென்றவிடத்து நிகழும் பண்பு ஆதலால் இப்பெயர் பெற்றது என்று பரிமேலழகர் காரணமும் காட்டுகிறார். அன்புக்கு இருப்பிடம் நெஞ்சமாக இருக்கலாம். அது புறப்படும் வாசல் கண்ணே என்பது இதன் கருத்து. காணாத ஒருவருக்கு நாம் இரங்குவதெப்படி? ஓடுகின்றவன் கண்ணில் தெரு விழும், தெருவில் நிற்கும் மனிதர் விழார்.

இதனை மேல்நாட்டு உளவியலாளரும் சோதித்துப் பார்த்தனர். டார்லி, பாட்சன் என்ற இருவரின் ஆய்வு 1973 இல் வெளியானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் சமயக் குருமாருக்கான கல்வி பயின்ற மாணவர் நாற்பது பேரை, பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று உரையாற்றும்படி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சோர்ந்து விழுந்து முனகும்படி ஏற்பாடு. நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டோரில் பத்துச் சதவீதத்தினரே நின்று உதவினர். நேரம் உண்டு என்று அனுப்பப்பட்டோரில் 63 சதவீதத்தினர் நின்றனர். மாணவருட் சிலர் ஆற்றவிருந்த உரையோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை பற்றியது! அந்தத் தலைப்பும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரவில்லை. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர், அவசரக்காரர்.

நம் சங்கப் புலவர்கள் இதனைத் தேரின் வழியாகச் சொன்னார்கள். அக்காலத்தில் விரைவுக்கு அடையாளம் தேர். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தான் பறம்புமலைப் பாரி. இச்செய்தியைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. கொடையின் அளவைப் பார்த்து வியப்போர் பலர். அந்தக் கொடை நிகழுமுன் தேர் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நின்றதனாற்றான் கொடி தெரிந்தது.

ஆயினும் எல்லோரும் பாரியாக முடியாது. நமக்கு ஏற்ற வழியைக் குறுங்குடி மருதனார் அகநானூற்றின் 4ஆம் பாடலில் காட்டுகிறார். கார்காலம் வந்துவிட்டது, தலைவன் திரும்பி வருகிறான். வழியிலுள்ள சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் தேர்மணி ஓசையால் அஞ்சிக் கலையுமே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அத்தகையவன் உன்னை மறப்பானா என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். உயர்தர வகுப்பில் இப்பாடலை நான் கற்பித்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம்தானே? பிறகேன் மணியைக் கட்டினவன்?" நல்ல கேள்வி. அவசரம் இருந்தும் கட்டினான் என்பதுதான் பாடலின் உயிர். நிதானம் என்பது சோம்பல் அன்று. பயணத்தைக் கைவிடுதலும் அன்று. என் வேகம் பிறிதோர் உயிரைக் கலைக்கலாகாது என்ற நினைவே நிதானம். நம் மோட்டார் சைக்கிளின் ஹோர்னுக்கும் ஒரு நா உண்டு. வைத்தியசாலை வாசலிலும் முதியவர் வீதியைக் கடக்கும்போதும் அதைக் கட்டிவைக்கலாம்.

ஏட்டை மூடிவிட்டு நம் மண்ணுக்கு வருவோம். நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் கோயில் எழுந்த கதையை வன்னி மக்கள் அறிவர். மாடு மேய்த்த சிறுவர்களிடம் முதியவள் ஒருத்தி வந்தாள். பிள்ளைகள் அவளுக்குத் தங்கக் குடில் கட்டிப் பொங்கலும் கொடுத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. அவள் சொற்படி கடல்நீரை வார்க்க விளக்கு எரிந்தது என்பது ஐதிகம். ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு எரிகிறது. அற்புதத்தைப் பாடுவோர், முன்பின் அறியாக் கிழவிக்காகத் தம் வேலையை நிறுத்திய சிறுவரையும் நினைத்தல் தகும்.

அங்கிருந்து முள்ளிவாய்க்கால் தொலைவில் இல்லை. 2009 இல் அந்தக் கரையோரத்தில் மக்கள் உயிர் பிடித்திருந்தது கஞ்சியால். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு, அவ்வளவே. பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் எறிகணைக்கு இரையானதும் உண்டு. அடுத்த நிமிடம் எவர்க்கும் உறுதியில்லாத இடத்தில், தனக்கென்று இருந்ததைப் பக்கத்துப் பதுங்குகுழிப் பிள்ளைக்கும் ஒரு வாய் ஊற்றினார்கள். ஓடித் தப்புவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எந்த மனிதருக்கு வாய்க்கும்? ஆனாலும் நின்றார்கள், பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். இன்று மே மாதத்தில், 18ஆம் திகதிக்கு முந்திய நாள்களில், வடக்கு கிழக்கின் வீதியோரங்களில் கஞ்சி காய்ச்சி வழங்குகிறார்கள். 2024 இல் சம்பூரில் கஞ்சி காய்ச்சியோர் கைதுசெய்யப்பட்ட பின்னும் வழக்கம் ஓயவில்லை. வழியே போகிறவர் வாகனத்தை நிறுத்தி, ஒரு சிரட்டைக் கஞ்சியை நின்று குடித்துவிட்டுப் போகிறார். அந்த நிற்றல்தான் அஞ்சலி.

ஆண்டில் ஒரு வாரம் நிற்பவர்கள் மற்றை வாரங்களில் பறக்கலாமா? முள்ளிவாய்க்காலைத் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் வட்டுவாகல் பாலம். 2009 மே மாதத்தில் பல்லாயிரவர் கடந்து வந்த பாலம் அது. அகலம் போதாத அதிலே எதிர்வரும் வாகனத்துக்காகக் காத்துநிற்பது நெடுநாள் வழக்கம். அந்தக் காத்திருப்பில் நந்திக்கடலைப் பார்க்கலாம். மீனுக்கு ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கையும் வலை இழுப்பவரையும் பார்க்கலாம். 2025 இல் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியது. பாலம் அகலமாவது ஊருக்கு வேண்டியதே. நோயாளியின் வண்டி விரைந்து போகட்டும். ஆனால் இதுவரை பாலம் நம்மை நிற்கவைத்தது. இனி நாமாகவே நிற்கப் பழகவேண்டும். வழி கேட்பவருக்கு இறங்கி நின்று வழி சொல்வதும், வாசலில் வந்தவரைப் பெயர் சொல்லி இருக்கச் சொல்வதும், மழைக்குப் பின் பூத்த முல்லையை ஒரு கணம் பார்ப்பதும் அந்தப் பழக்கத்தின் அரிச்சுவடி.