300 ஆம்பியர் பேட்டரிக்கு ஈ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி, 10 மீட்டர் ஒயரைப் பாருங்க



கேரவன்னு சொன்னா நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ உட்கார்ற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியால கேரவன்னா வேற. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உள்ள ஒரு குட்டி வீடு. அதுக்கு இன்ஜின் கிடையாது. நம்ம காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகணும்.

மெல்போர்ன்ல ஐ.டி. வேலைல இருக்கிற என் சித்தி பையன், செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேரவன் வாங்கினான். ஊர்ல இருந்து வந்திருந்த சித்தப்பா, சித்தியைக் கூட்டிட்டு கிரேட் ஓஷன் ரோடு கிளம்பிட்டான். முதல் ராத்திரி அப்பல்லோ பே, ரெண்டாவது ராத்திரி போர்ட் கேம்பெல். ரெண்டு இடத்துலயும் கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத, வாடகை குறைஞ்ச சைட்.

மூணாவது நாள் விடியக்காலைல பிரிட்ஜ் நின்னு போச்சு. உள்ள சித்தப்பாவோட இன்சுலின் பேனா நாலு இருந்துது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும். கடை திறந்ததும் ஐஸ் வாங்கி, பேனா ஐஸ்ல பட்டு உறைஞ்சிடாம இருக்க துண்டுல சுத்தி வச்சு சமாளிச்சாங்க.

ஊர் திரும்பினதும் எனக்கு போன். "அண்ணா, பேட்டரி பத்தலை. கடைல 300 ஆம்பியர்-அவர் லித்தியம் போடச் சொல்றாங்க. 4,200 டாலர், தவணைல கட்டலாமாம். போட்டுடவா?"

நான் ஆடிட்டர், எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனா இது வரவு செலவுக் கணக்குதானே? ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த 300-ஐ எது நிரப்பும்?"

பதில் இல்லை.

முதல்ல செலவு

பேட்டரில இருக்கிற கரண்டை ஆம்பியர்-அவர்ல கணக்கு வைப்பாங்க. 5 ஆம்பியர் இழுக்கிற சாமான் 2 மணி நேரம் ஓடினா 10 ஆம்பியர்-அவர் காலி. அவ்வளவுதான் விஷயம்.

அவன் கேரவன்ல இருந்தது 100 ஆம்பியர்-அவர் ஏ.ஜி.எம். பேட்டரி. ஏ.ஜி.எம். லெட்-ஆசிட் குடும்பம். பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா ஆயுசு குறையும். அதனால தைரியமா எடுக்கக்கூடியது 50.

- பிரிட்ஜ்: ஓடும்போது 5 ஆம்பியர், விட்டு விட்டு ஓடறதால சராசரி 2.5. சாயங்காலம் 3 மணி முதல் காலைல 9 வரை 18 மணி நேரம் = 45
- லைட், தண்ணி பம்ப், போன் சார்ஜ் = 8
- ஒரு ராத்திரி மொத்தம் = 53

முதல் ராத்திரியே பட்ஜெட் தாண்டிடுச்சு.

அடுத்து வரவு

"அதான் வண்டி ஓட்டும்போது சார்ஜ் ஆகுமே!" அவன் நம்பினது இதைத்தான்.

30 டாலருக்கு ஒரு மல்டிமீட்டரும், ஆம்பியர் பார்க்க நண்பர்கிட்ட ஒரு கிளாம்ப் மீட்டரும் ஏற்பாடு பண்ணச் சொன்னேன். அரை மணி நேரம் ஓட்டின பிறகு, இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே பார்த்தான். கார் பேட்டரில 13.0 வோல்ட். பின்னாடி கேரவன் பேட்டரில 12.5 வோல்ட். பிரிட்ஜ் 5 ஆம்பியர் எடுத்தது போக பேட்டரிக்குள்ள போனது வெறும் 2 ஆம்பியர்.

ஏன்? ரெண்டு ஓட்டை.

*ஓட்டை 1: காரே கம்மியாத்தான் தருது.* பழைய கார்ல ஆல்டர்நேட்டர் எப்பவும் 14 வோல்ட் பக்கமா தரும். புது கார்கள் பலதுல ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர். முன்னாடி இருக்கிற கார் பேட்டரி நிரம்பிடுச்சுன்னா, பெட்ரோல் மிச்சம் பண்ண வோல்ட்டேஜை இறக்கிடும். பின்னாடி ஒரு கேரவன் பேட்டரி பசியோட இருக்கிறது அதுக்குத் தெரியாது.

*ஓட்டை 2: ஒயர்.* அவன் கார்ல '6 மில்லிமீட்டர்' ஆட்டோ ஒயர் போட்டிருந்தாங்க. ஆஸ்திரேலியால ஆட்டோ ஒயரோட அந்த 6, மேல் உறையையும் சேர்த்த விட்டம். உள்ள இருக்கிற செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். போக 10 மீட்டர், வர 10 மீட்டர். 7 ஆம்பியர் போனாலே வழியில அரை வோல்ட் காணாமப் போயிடும்.

இது நம்ம சி.டி.சி.க்கும் கைக்கு வர்ற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஆபர் லெட்டர்ல இருக்கிற நம்பரை வச்சு வீட்டு லோன் போட முடியுமா?

ரெண்டாவது நாள் 2 மணி நேரம் ஓட்டினதுல கிடைச்ச வரவு 4 ஆம்பியர்-அவர். செலவு 53. அதாவது 100-ல இருந்து 53 போய், 4 வந்து, மிச்சம் 51. அடுத்த ராத்திரிக்கும் 53 வேணும். விடியறதுக்குள்ள பிரிட்ஜ் நிக்காம என்ன செய்யும்?

300 போட்டிருந்தா?

பெரிய பீரோ வாங்கினா உள்ள பணம் தானா வந்துடாது. வீட்ல சார்ஜ் பண்ணிட்டுக் கிளம்பினா அஞ்சு ராத்திரி தாங்கும், உண்மைதான். அதுக்கப்புறம்? மணிக்கு 2 ஆம்பியர்னா நிரப்ப 150 மணி நேரம் ஓட்டணும்.

அதுவும் தப்புக் கணக்கு. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், கரண்டும் அப்படித்தான். லித்தியம் பேட்டரி பாதி நிரம்பியிருக்கும்போதே 13 வோல்ட்டுக்கு மேல நிக்கும். 12.5 வோல்ட் வர்ற ஒயரால அதுக்குள்ள எதையும் தள்ள முடியாது. 4,200 டாலர் குடுத்து, இருந்த 2 ஆம்பியரையும் இழந்திருப்பான்.

என்ன பண்ணினான்?

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரை வச்சு மூணு மாற்றம்:

1. கேரவன் பேட்டரி பக்கத்துலயே 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர். உள்ள 12 வோல்ட் வந்தாலும் அதை உயர்த்தி, பேட்டரிக்குத் தேவையான 14.4 வோல்ட்டா குடுக்கும்.
2. செம்பு 13 சதுர மில்லிமீட்டர் உள்ள தடி ஒயர் (அங்க '6 பி அண்ட் எஸ்'னு கேட்கணும்), 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்.
3. ஒயரோட ரெண்டு முனைலயும், பேட்டரிகளுக்குப் பக்கத்துல ஃபியூஸ். இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

மொத்த பில் 900 டாலர். இப்போ பிரிட்ஜுக்குப் போக பேட்டரிக்கு சுமார் 20 ஆம்பியர் போகுது. 2 மணி நேரம் ஓட்டினா 40, மூணு மணி நேரம் ஓட்டினா செலவான 53-ம் கிட்டத்தட்ட திரும்பி வந்துடும். முழுசா நிரம்பற நேரத்துல ஏ.ஜி.எம். மெதுவாத்தான் வாங்கும், அதையும் மனசுல வச்சுக்கணும்.

மிச்சமான 3,300 டாலர் அவனோட வீட்டு லோன் ஆஃப்செட் கணக்குலயே இருக்கு. வட்டி 6 சதவீதம்னு வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 198 டாலர் மிச்சம். அவசரம்னா எடுத்துக்கலாம்.

ஓசி கரண்டா?

இல்லை. ஆல்டர்நேட்டரைச் சுத்தறதும் பெட்ரோல்தான். 40 ஆம்பியர்-அவர் ஏத்த தோராயமா அரை லிட்டர் பெட்ரோல் போகும். அதே கரண்டை வீட்டு பிளக்ல ஏத்தினா இதைவிட ரொம்ப மலிவு. அதனால கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி வீட்லயே முழுசா சார்ஜ் போட்டுடுங்க.

பெரிய பேட்டரி எப்போ சரி?

ஒரே இடத்துல மூணு நாலு நாள் தங்கறவங்களுக்கு ஓட்டும்போது வர்ற சார்ஜ் உதவாது, வண்டிதான் ஓடலையே! அவங்களுக்கு சோலார் பேனலும் கொஞ்சம் பெரிய பேட்டரியும் வேணும். இல்லைன்னா கரண்ட் உள்ள சைட்டுக்கு வாடகை குடுத்துடலாம். வருஷத்துக்கு பத்து ராத்திரிதான் போறீங்கன்னா, அந்தக் கூடுதல் வாடகையைப் பத்தால பெருக்கி 4,200 பக்கத்துல எழுதிப் பாருங்க.

போன வாரம் அவன் மறுபடி அதே ரூட்ல போயிட்டு வந்தான். காலைல சித்தப்பாதான் முதல்ல எழுந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்தாராம். "ஜில்லுனு இருக்குடா"ன்னு வாட்ஸ்அப்ல எனக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

கேரவன் இல்லாத நீங்களும் இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க. 'பத்தலை, பெருசா வாங்கணும்'னு தோணற எந்தப் பொருளுக்கும், உள்ள எவ்வளவு வருது, வழியில எவ்வளவு போகுதுன்னு ரெண்டு நம்பரை முதல்ல எழுதுங்க. அதுக்கப்புறம் கடைக்குப் போங்க.