உங்களுக்குத் தெரியுமா? கோட்டையைக் காத்தவர் தளபதி. கொடியைத் தைத்தவர் ஒரு விதவை

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில், ஐந்து முனை நட்சத்திர வடிவில் நிற்கிறது மெக்ஹென்றி கோட்டை. 1813-ல் அதன் தளபதி ஜார்ஜ் ஆர்மிஸ்டெட்டுக்கு ஒரு பிடிவாதம்: பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிய கொடி வேண்டும்! வேலை உள்ளூர்த் தையல்காரர் மேரி பிக்கர்ஸ்கில்லிடம் போனது. கணவரை இழந்தவர், கொடி தைத்தே குடும்பத்தை நடத்தியவர்.

42 அடி நீளம், 30 அடி அகலம். வீட்டில் விரிக்க இடமில்லை. பக்கத்து மதுபான ஆலையின் தரையில் விரித்துத்தான் தைத்து முடித்தார்கள். மகளும் உறவுப் பெண்களும் உதவினார்கள். கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும் அந்த வீட்டில் ஒப்பந்தப் பணியாளாக இருந்தாள். அவள் பெயர் வெளியே வர வெகுகாலம் ஆனது. கொடிக்கான கூலி 405 டாலர் 90 சென்ட்.

1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து கோட்டைமேல் சுமார் 25 மணி நேரம் குண்டுமழை. விடிந்தபோது கோட்டை விழவில்லை. அந்தப் பெரிய கொடி ஏறியது. அதைக் கப்பலிலிருந்து பார்த்த வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டுதான் 1931 முதல் அமெரிக்க தேசிய கீதம்.

அன்று கோட்டைமேல் பாய்ந்த பிரிட்டிஷாரின் காங்கிரீவ் ராக்கெட்டுகளின் பூர்வீகம் எது தெரியுமா? மைசூர்! 1780-ல் நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ப் போரில் ஆங்கிலேயரைத் திணறடித்த ஹைதர் அலி, திப்பு படையின் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் அவை உருவாயின.